ஆறாவது மாடியில் அருவி

அருவி ஒரே மூச்சில் எழுபத்து நான்கு சொற்கள் பேசுவார். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, எண்ணிச் சொல்கிறேன். நகராட்சி மன்றத்தில் முப்பத்து நான்கு வருடம் சுருக்கெழுத்தாளராக உட்கார்ந்து, உறுப்பினர் தும்மினால் அதையும் குறிப்பில் ஏற்றுவதா வேண்டாமா என்று யோசித்த கை இது. எங்கள் வார்டு உறுப்பினருக்கு அருவி என்று பெயர் வைத்ததும் குறிப்பெடுக்கும் நாங்கள்தான். கொட்ட ஆரம்பித்தால் நிற்க மாட்டார். பக்கத்தில் இருப்பவன் நனைவான். ஆனால் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. அடிக்கடி வரும் வாக்கியத்துக்கு ஒரே ஒரு கீற்று போதும். 'மக்கள் நலனே எங்கள் மூச்சு' என்பதற்குத் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு. 'ஆவன செய்யப்படும்' என்பதற்கு ஒரு புள்ளி. எதிர்க்கட்சியைத் திட்டுவதற்கு ஒரு சாய்ந்த கோடு, ரொம்பக் கோபமாகத் திட்டினால் கொஞ்சம் அழுத்தம். நான் ஓய்வு பெறும் சமயத்தில் அருவியின் நாற்பது நிமிடப் பேச்சு ஒரு தபால் அட்டைக்குள் அடங்கியது. விலாசம் எழுதவும் இடம் மிச்சமிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அத்தனை வருடம் கேட்டும் அவர்கள் பேசியதில் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை. காதில் விழுந்தது நேராகக் கைக்கு இறங்கிவிடும், நடுவில் மண்டையைத் தொடாது. கை எழுதும், மனசு வீட்டில் குழாய் சொட்டுவதைப் பற்றி யோசிக்கும். ஓய்வு பெற்ற மறு மாதம் எனக்கு ஒரு அரிப்பு வந்தது. அப்படி என்னதான் பேசினார்கள்? பழைய குறிப்பேடுகளை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, சிவப்புக் கோடு. ஒரு உறுப்பினர், யார் செய்வார், என்ன செய்வார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். அந்த வேலை முடியும் வரை அலுவலகம் அவருக்கு மாதாமாதம் நினைவூட்டுக் கடிதம் அனுப்பும். முப்பத்து நான்கு வருடத்தில் நான் போட்டிருந்த சிவப்புக் கோடுகள் பதினொன்று. அதில் நான்கு, மன்றத்துக்கு வரும் டீ ஆறிப்போயிருப்பதைப் பற்றியவை.

இரண்டாவது வழக்கம், மணி. தலைவர் மணியடித்துக் கூட்டம் முடிந்தது என்று சொன்ன அந்த நொடியில் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் குறிப்பில் ஏறாது. ஏற்றினால் வேலை போய்விடும். மன்றத்தில் சுவையான பேச்செல்லாம் அந்த மணிக்கும் வாசல் கதவுக்கும் நடுவில்தான் நடக்கும். உறுப்பினர்கள் எங்களை மேஜை நாற்காலி போல நினைத்துக்கொண்டு உண்மையைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அருவியே எத்தனையோ தடவை என் தோளைத் தட்டி, பென்சில் கீழதானே இருக்கு சார் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதையெல்லாம் நான் வாசித்துக் காட்டினால் அக்காவுக்குச் சிரிப்பு வராது. அவளுக்கு வேறு பிரச்சினை.

அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நகராட்சி கட்டிய எட்டு மாடிக் கட்டடம், எங்களுடையது ஆறாவது மாடி. அக்கா நாற்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள். ஊரில் யார் யாரோடு பேச வேண்டும் என்று முடிவு செய்தது அவள்தான் என்று அவள் சொல்வாள், நான் மறுத்ததில்லை. எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் நின்று நான்கு வருடம் ஆகிவிட்டது. அக்காவின் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், அவள் கீழே இறங்கிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கடைசியாக இறங்கியது எலும்பு டாக்டரைப் பார்க்க. நாங்கள் படியிறங்க ஆரம்பித்தபோது வெயில் காலம். திரும்பி ஏறி முடித்தபோது மழைக்காலம்.

டாக்டர் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார், கூடவே ஒரு நிபந்தனையும். சிகிச்சை முடிந்து மூன்று மாதம் படியில் கால் வைக்கக் கூடாது, ஆனால் வாரம் இரண்டு தடவை பயிற்சிக்கு வந்தாக வேண்டும். அதனால் லிஃப்ட் ஓடுகிறது என்று எழுத்தில் கொண்டு வரச் சொன்னார். இல்லையென்றால் அந்தத் தேதி வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அக்காவின் முறை மறுபடி வர ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் முழங்காலில் ஒட்டவைக்க எதுவும் மிஞ்சாது என்றார். எழுத்து கொண்டுபோக ஐந்து வாரம் இருந்தது. நகராட்சித் தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது.

லிஃப்டில் என்ன கோளாறு என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அவரை ஸ்பேனர் என்று கூப்பிடுவோம். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் அதைத்தான் வைத்திருப்பார். பிரேக்கில் ஒரு பாகம் போய்விட்டது. புதிய பாகம் மூன்று வருடத்துக்கு முன்பே வந்து, இரண்டு தெரு தள்ளி நகராட்சிக் கிடங்கில் தூங்குகிறது. அதை எழுப்பிக் கொண்டு வர வேலை உத்தரவில் வார்டு உறுப்பினரின் கையெழுத்து வேண்டும். உத்தரவு ஆறு தடவை அருவியின் அலுவலகத்துக்குப் போய், ஆறு தடவையும் 'பரிசீலனையில்' என்று திரும்பி வந்துவிட்டது. காகிதம் இல்லாமல் ஸ்பேனர் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டார். ஒரு தடவை இரக்கப்பட்டுத் தொட்டு, இரண்டு வருடச் சம்பள உயர்வை இழந்தவர்.

போன தேர்தலின்போது கட்சிக்காரர்கள் மேல்மாடிக்காரர்களை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்தார்கள். எட்டாவது மாடி பாட்டு டீச்சரைப் பூப்போல இறக்கினார்கள். ஓட்டு விழுந்ததும் தூக்கினவர்கள் காற்றாய்ப் பறந்துவிட்டார்கள். டீச்சர் சாயங்காலம் வரை கீழே அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா மேலே இருந்து எட்டிப் பார்த்து, "கீழ இறக்கத்தான் டீச்சர் இப்ப ஆள் வந்துச்சு. மேல ஏத்த அடுத்த தேர்தலுக்கு வருவாங்க" என்றாள்.

சரி, நான் செய்த ஒரு ஆராய்ச்சிக்கு வருகிறேன்.

ஒரு நாள் பகலில் சதுக்கத்தில் இரண்டு வேட்பாளர்களும் அடுத்தடுத்துப் பேசியதைக் கேட்டுவிட்டு, இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு படியேறினேன். கீழ் வாசலில் ஏறும்போது அக்காவிடம் சொல்ல என்னிடம் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. ஆறாவது மாடியில் கதவைத் திறந்ததும் என் வாயிலிருந்து வந்தது, "ரெண்டு பேரும்... ஒண்ணுதான்."

"ஒன்றரை மணி நேரம் பேசினதை மூணு வார்த்தையில சொல்லிட்டியேடா" என்றாள் அக்கா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடினாராம். எனக்கு மூட்டு வலி, அதனால் உட்கார்ந்தபடியே கத்தினேன்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம், படியேறி வருகிறவர்களோடு கூடவே ஏறி எண்ணினேன். காப்பீட்டு முகவர் கீழே முப்பது சொல் வாக்கியத்தில் ஆரம்பித்து, ஐந்தாவது மாடியில் நான்கு சொல்லுக்கு வந்தார். ஆறாவது மாடியில், எனக்கே இந்தத் திட்டத்துல நம்பிக்கை இல்ல சார் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவரை எங்கள் கட்டடத்தில் யாரும் பார்க்கவில்லை. என் முடிவு இதுதான். இரண்டாவது மாடியில் உவமை உதிரும். மூன்றாவதில் அடைமொழி. நான்காவதில் புள்ளிவிவரம். ஐந்தாவதில் எதிர்க்கட்சி. ஆறாவது மாடியில் மனிதன் பொய் சொல்ல மாட்டான், நல்லவன் என்பதால் அல்ல, பொய்க்கு மூச்சு அதிகம் வேண்டும் என்பதால்.

அக்காவுக்கு அப்போது ஒரு கேள்வி பிறந்தது. அது லிஃப்ட் பற்றியது இல்லை. இவர்கள் எல்லோரும் ஜெயிக்க வேண்டும், ஜெயிக்க வேண்டும் என்று தலைகீழாக நிற்கிறார்களே, ஜெயித்து என்ன செய்வதாக இருக்கிறார்கள்? மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்த்துவிட்டு முதல் வேலையாக என்ன செய்ய ஆசை? இதை ஒருவனிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஆபரேஷன் மேஜையில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அவர்களை மேலே வரவழைப்பது அவளுக்குச் சின்ன வேலை. ஐந்தாவது மாடி முதல் எட்டாவது மாடி வரை எல்லா வீட்டுக்கும் தினமும் காலை பத்து மணிக்கு அவள் போன் போடுவாள். யாருக்கு மருந்து தீர்ந்தது, யார் வீட்டுப் பேத்திக்குப் பல் முளைத்தது என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். இரண்டு கட்சி அலுவலகத்துக்கும் கூப்பிட்டு, தன் பழைய தொலைபேசி நிலையக் குரலில் ஒரே செய்தியைச் சொன்னாள். மேல்மாடிகளில் எழுபத்தொரு ஓட்டு இருக்கிறது, போன தடவை வித்தியாசம் முப்பத்தொன்று, மற்றதை நேரில் பேசலாம்.

முதலில் வந்தவர் அருவியை எதிர்த்து நிற்பவர். அவருக்குப் புன்னகை என்று பெயர், தூங்கும்போதும் அது முகத்திலிருந்து இறங்காதாம். நான் கீழே குறிப்பேட்டோடு தயாராக நின்றேன். அவர் ஓட்டப்பந்தயக்காரர் என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனார். நான் மூன்றாவது மாடியில் இருக்கும்போது மேலே அவர் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நான் வீட்டுக்குள் விழுந்தபோது அக்கா முன்னால் நின்று இருபதாவது நிமிடத்தில் இருந்தார், நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. லிஃப்டுக்கு முன்னுரிமை கொடுப்பதாகச் சொன்னார். அதற்கு முன்னால் எத்தனை முன்னுரிமை நிற்கிறது என்று அக்கா கேட்டாள். எல்லாமே முன்னுரிமைதாம்மா என்று புன்னகைத்துவிட்டு, வந்த மாதிரியே தாவிப் போய்விட்டார்.

"உன் ஆராய்ச்சி போகுது பாருடா, ரெண்டு ரெண்டு படியா" என்றாள் அக்கா.

நான் இரண்டு நாள் சோர்ந்து கிடந்தேன். பிறகு அருவி வந்தார்.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, பகல் மூன்று மணி. ஆறு மணிக்குச் சதுக்கத்தில் அவருடைய கடைசிப் பெரிய கூட்டம். மக்களின் வலியைத் தானும் அனுபவிப்பதாக ஒரு படம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று உதவியாளரையும் புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அருவியின் எடை நூற்றுப் பத்து கிலோ. கூட்டிச் சொல்வது என் வழக்கம்தான், ஆனால் இதில் மரியாதைக்காகக் குறைத்திருக்கிறேன்.

கீழ் வாசலில் எழுபத்து நான்கு. முதல் மாடித் திருப்பத்தில் ஐம்பத்தெட்டு. இரண்டாவது மாடியில், இந்தப் படிகள் ஒவ்வொன்றும் எதிர்க்கட்சியின் துரோகத்தைச் சொல்லும் என்று ஆரம்பித்த உவமையைப் பாதியில் விட்டுவிட்டார். மூன்றாவது மாடியில் புகைப்படக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார், நீங்க போய்ட்டு வாங்க என்று கையைக் காட்டினார். நான்காவது மாடியில் ஒன்பது சொல். ஐந்தாவதில் எதிர்க்கட்சியை மறந்தே போனார். ஆறாவது மாடியில் எங்கள் வீட்டுக்குள் வந்து பிரம்பு நாற்காலியில் விழுந்து அவர் சொன்ன முதல் சொல், தண்ணி.

அக்கா தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். மூச்சு திரும்பும் வரை காத்திருக்கவில்லை.

"லிஃப்ட் ஏன் ஓடல?"

"ஓடினா... நீங்க கீழ வருவீங்க."

"வந்தா?"

"எனக்கு... போட மாட்டீங்க."

உதவியாளர் கையிலிருந்த போன் தரையில் விழுந்தது. என் பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அருவி பேசி, அது என் காதிலிருந்து கைக்குப் போகும் வழியில் மண்டைக்குள் நுழைந்தது அன்றுதான்.

அக்கா கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவளுக்குக் கோபத்தை விட ஆர்வம் அதிகம். யார் சொன்னது என்று கேட்டாள். அருவி விரலால் உதவியாளரைக் காட்டினார். உதவியாளர் தட்டுத்தடுமாறி விளக்கினார். போன தடவை மேல்மாடிகளிலிருந்து இறக்கப்பட்டவர்கள் எல்லோருமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்களாம், அதனால் இந்த எழுபத்தொன்றும் எதிர் ஓட்டு என்று குறித்துக்கொண்டார்களாம். லிஃப்ட் ஓடாவிட்டால் எதிர் ஓட்டு மேலேயே தங்கிவிடும். கையெழுத்துப் போடாததன் ரகசியம் இவ்வளவுதான். நாங்கள் மூன்று வருடமாக அதில் ஊழல், சதி, வெளிநாட்டுக் கை என்று என்னென்னவோ தேடிக்கொண்டிருந்தோம்.

"அது கிடக்கட்டும்" என்றாள் அக்கா. "ஜெயிச்சப்புறம் என்ன செய்யணும்னு உங்களுக்கு ஆசை?"

அருவி யோசித்தார். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அதனால் கைவசம் இருந்த வாக்கியங்கள் எதுவும் வெளியே வர முடியவில்லை.

"அடுத்ததுல... ஜெயிக்கணும்."

"அதுக்கப்புறம்?"

அருவி எங்கள் வீட்டு மேல்கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு விரிசல் இருக்கிறது, விருந்தாளிகள் கண்ணில் பட வேண்டாம் என்று நாங்கள் விளக்கைக்கூடத் தள்ளி மாட்டியிருக்கிறோம். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்று எனக்குத் தோன்றியது.

உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பலாம் என்றார். அருவி எழுந்தார். எழுந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏறிய ஏற்றத்தில் முழங்கால் ஒன்று பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து வாசல் வரை வந்து, ஒரு படி இறங்கினார். அப்போது அவர் போட்ட சத்தத்தில் எட்டாவது மாடி பாட்டு டீச்சர் யாரோ உச்சஸ்தாயி பிடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

மணி மூன்றே முக்கால். சதுக்கத்தில் இருபதாயிரம் பேர் காத்திருக்கிறார்கள் என்று உதவியாளர் தலையில் கை வைத்தார். சரி, இருநூறு பேர் இருப்பார்கள். ஆட்களை வரவழைத்து நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகலாமே என்று நான்தான் ஒரு யோசனை சொன்னேன், ரொம்ப அப்பாவியாக. உதவியாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேட்பாளரைச் சாமான் மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கும் படம் ஒன்று வெளியே போனால் தேர்தல் அத்தோடு முடிந்தது என்றார்.

அப்போது அக்கா ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "லிஃப்ட் இருந்தா ஒரு நிமிஷ வேலை."

ஸ்பேனருக்கு அவளே போன் போட்டாள். பத்து நிமிடத்தில் அவர் வந்துவிட்டார். ஏழாவது தடவைக்கான வேலை உத்தரவுத் தாள் அவர் பையில் எப்போதும் இருக்கும். பாகத்தைக் கொண்டு வந்து மாட்டிச் சோதிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். மாதாமாதம் யாரும் சொல்லாமலே லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளங்களுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தாராம், காகிதம் இல்லாமல் அவர் செய்த ஒரே குற்றம் அதுதான்.

அருவி தாளை என் பக்கம் தள்ளினார். நீங்க எழுதுங்க சார், நான் சொல்றேன் என்றார். நான் பென்சிலைக் கீழே வைக்காமல் இன்னொரு கையால் பேனாவை எடுத்தேன். அவர் அவசரத்தில் சொன்னதை அப்படியே எழுதினேன். "இந்தக் கட்டடத்தோட லிஃப்டை, கிடங்குல இருக்கிற பாகத்தைப் போட்டு, இன்னிக்கு அஞ்சரை மணிக்குள்ள மெக்கானிக் ஓட வைக்கணும். இது என் உத்தரவு."

யார், என்ன, எப்போது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் குறிப்பேட்டின் ஓரத்தில் பன்னிரண்டாவது சிவப்புக் கோட்டைப் போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டு, "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று தாளை நகர்த்தினார்.

பழக்க தோஷம். முடிஞ்சுது என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாகவே பென்சிலையும் பேனாவையும் கீழே வைத்துவிட்டது.

ஸ்பேனர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அருவி பின்னாலிருந்து சொன்னார், தான் கீழே போனதும் லிஃப்டை நிறுத்திவிட வேண்டும், தேர்தல் முடியட்டும் என்று. ஸ்பேனர் நின்று என்னைப் பார்த்தார்.

"சார், அது காகிதத்துல இருக்கா?"

நான் என் வெறும் கைகளைப் பார்த்தேன். "இல்லப்பா. கூட்டம் முடிஞ்சப்புறம் சொன்னது குறிப்புல ஏறாது."

ஸ்பேனர் இறங்கிவிட்டார். உதவியாளர் குதித்தார். அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுத வேண்டும் என்றார். முப்பத்து நான்கு வருட வழக்கத்தை ஒரு நாளில் மாற்ற முடியாது என்று நான் விளக்கினேன். ஐயாவைக் காப்பாற்றிய வழக்கம் இது, இதற்காக என் தோளைத் தட்டியிருக்கிறார் என்றும் சொன்னேன். வேண்டுமானால் லிஃப்டை நிறுத்துவதற்கு ஒரு தனி உத்தரவு எழுதலாம், அதில் நிறுத்தச் சொன்னவர் பெயரும் காரணமும் தெளிவாக வர வேண்டும், அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எழுதட்டுமா என்று பேனாவை எடுத்தேன்.

அருவி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, நாற்காலி முனக, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மணியடித்த பிறகு மன்றத்தில் நான் கேட்டிருக்கும் அதே சிரிப்பு.

ஒன்றரை மணி நேரத்துக்கு அவருக்குச் செய்ய எதுவும் இல்லை. அக்கா டீ போட்டாள். அவர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லி வெளியே பார்த்தார். இங்கேர்ந்து என் வார்டு முழுசும் தெரியுதே என்றார், ஏதோ நாங்கள் வாங்கி வைத்திருப்பது போல. ஒன்பது வருட உறுப்பினர். மேலேயிருந்து அதைப் பார்த்ததே இல்லை. அக்கா பதினான்கு மாதமாகப் பார்த்ததை எல்லாம் காட்டினாள். எந்தத் தெருவிளக்கு பகலில் எரிகிறது, எந்தக் குப்பைத்தொட்டியை லாரி தாண்டிப் போகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த இடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறார்கள். அவர் ஒரு இடத்தில்கூட குறுக்கே பேசவில்லை. மூச்சு எப்போதோ திரும்பிவிட்டது, நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பேசவில்லை, அவ்வளவுதான். இதை என் ஆராய்ச்சியில் எந்த மாடியில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஐந்து இருபத்தைந்துக்குச் சுவருக்குள் ஏதோ இருமியது. பிறகு நான்கு வருடமாகக் கேட்காத அந்த முனகல் கீழேயிருந்து ஏறி வந்தது. கதவு திறந்தது. உள்ளே ஸ்பேனர், முகமெல்லாம் கிரீஸ், கல்யாண மாப்பிள்ளை போல நின்றார்.

அருவி நொண்டிக்கொண்டு உள்ளே போனார். உதவியாளர் போனார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நானும் வரேன்."

எனக்கும் சேர்த்து இடம் இருந்தது. அவள் உள்ளே போய் பொத்தான்களுக்கு முன்னால் நின்றுகொண்டாள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். உதவியாளர் பதறிப்போய் ஆறு மணிக்குக் கூட்டம் என்றார். பதினான்கு மாசமாப் பார்க்கலைப்பா என்றாள் அக்கா, அதற்கு மேல் விளக்கம் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. ஐந்தாவதில் யாரோ கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். நான்காவதில் ஒரு புதுக் குழந்தை இருந்தது, அக்காவுக்குப் போனில் மட்டும் அழுகுரலாகத் தெரிந்த குழந்தை. லிஃப்ட் சத்தம் கேட்டு எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். அக்காவைப் பார்த்துச் சிலர் அழுதார்கள், பக்கத்தில் அருவியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். மூன்றாவது மாடியில் புகைப்படக்காரர் இன்னும் அதே படியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்ததும் ஒரே ஒரு படம் எடுத்தார். அருவி நொண்டிக் காலோடு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அக்கா பொத்தானில் விரல் வைத்திருக்கிறாள். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று படத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது.

மறுநாள் அந்தப் படம் வார்டு முழுக்க ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு லிஃப்டை நிறுத்தச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? லிஃப்ட் ஓடுகிறது என்று ஸ்பேனர் எழுதிக் கொடுத்த தாளை நான் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு அக்காவின் தேதிக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டார். அதுவும் சிவப்புதான்.

தேர்தலில் அருவி நாற்பத்து மூன்று ஓட்டில் ஜெயித்தார். மேல்மாடிகளிலிருந்து யாரையும் தூக்க வேண்டியிருக்கவில்லை, எல்லோரும் லிஃப்டில் இறங்கி வந்தார்கள், லிஃப்டிலேயே ஏறிப் போனார்கள். உதவியாளரின் கணக்கு மூன்று வருடமாகத் தலைகீழாக இருந்திருக்கிறது. வெற்றிக் கூட்டத்தில் அருவி இந்த லிஃப்ட் தன் இளமைக் காலக் கனவு என்று நாற்பது நிமிடம் பேசினார். ஒரு மூச்சுக்கு எழுபத்தாறு சொல். தரை மட்டத்தில் மனிதருக்கு ஒரு குறையும் இல்லை.

அக்கா யாருக்குப் போட்டாள் என்று கேட்டேன். அதெல்லாம் ரகசியம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்கிட்ட நிஜம் சொன்னது அவன் ஒருத்தன்தான், மூச்சு இல்லாததாலன்னாலும்" என்றாள்.

இப்போது அக்காவுக்கு இரண்டு புது முழங்கால். வாரம் இரண்டு தடவை லிஃப்டில் பயிற்சிக்குப் போகிறாள். மீதி நாட்களில் காரணமே இல்லாமல் போய் வருகிறாள். மாதத்தின் முதல் தேதி காலை பத்து மணிக்கு, மேல்மாடி வீடுகளுக்கெல்லாம் பேசி முடித்ததும், அருவிக்கும் ஒரு போன் போடுகிறாள். எங்கள் அலுவலகத்து நினைவூட்டுக் கடிதம் மாதிரி. அதே கேள்விதான். அடுத்ததுலயும் ஜெயிச்சாச்சுன்னு வச்சுக்குங்க, அதுக்கப்புறம்?

முதல் மாதம் அவர் எழுபது சொல்லில் பதில் சொன்னார், அக்கா பாதியில் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். நாற்பது வருடப் பழக்கம். இரண்டாவது மாதம் இருபது சொல். போன மாதம் நான் பக்கத்தில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். மறுமுனையிலிருந்து இரண்டே சொல். யோசிச்சிட்டுத்தாம்மா இருக்கேன் என்றார்.

யார் என்பது இருக்கிறது. என்ன, எப்போது என்பவை இன்னும் வரவில்லை. சிவப்புப் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.